தெளிந்த தண்ணீரை நம்பாதவள்

என் கடையில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. முத்தியால்பேட்டையில் இருக்கும் வண்ண மீன் கடை அது. இரண்டு பக்கமும் கண்ணாடித் தொட்டிகள், நடுவில் ஒரு ஆள் போக வழி, கடைசியில் அந்த நாற்காலி. மீன் வாங்க வந்தவர்கள், வாங்காமல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கும் எதிர்வீட்டுச் சொல்தா என்று எல்லோரும் அதில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். அவளை மட்டும் என்னால் உட்கார வைக்க முடியவில்லை.

ஸ்கூட்டியை நிறுத்துவாள். தலையில் ஹெல்மெட் இருக்கும்போதே உள்ளே நுழைந்து, முதல் தொட்டியில் குனிந்து பார்ப்பாள். அடுத்தது, அதற்கடுத்தது. கடைசித் தொட்டிவரை போய்விட்டுத் திரும்பி வந்து, மறுபடி முதல் தொட்டியில் குனிவாள்.

"இன்னாம்மா தேடுற?"

"ஒண்ணும் இல்ல பாய். சும்மா ஒரு தடவை பாத்துக்கறேன்."

அந்த ஒரு தடவை ஒரு தடவையோடு நின்றதே கிடையாது. வாங்கி வைத்த டீ தொட்டியின் மூடி மேல் ஆறிக் கிடக்கும். கிளம்பிப் போனவள் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்புவாள். என்ன என்று கேட்டால், பின்பக்கத் தொட்டியின் காற்றுக்குழாய் குமிழி விடுகிறதா என்று சரியாகப் பார்க்கவில்லையாம்.

ஊரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். முதல் நாள் ஜீப்ரா மீன் கேட்டு வந்தபோதே என்னைப் படுத்தி எடுத்தாள். மீன் எங்கிருந்து வருகிறது, வழியில் என்ன மருந்து போடுகிறார்கள், நான் என்ன போடுகிறேன் என்று போலீஸ்காரர் மாதிரி விசாரணை. எனக்கு எரிச்சல் வந்தது. "மேடம், கோடு போட்ட சின்ன மீனு. அதுக்குப் போய் இவ்ளோ கேள்வியா?" என்றேன். அவள் சிரித்தாள். சிரிக்கும்போதும் கண் தொட்டியில்தான் இருந்தது.

ஏரி, குளங்களை மூடிக்கொள்ளும் ஆகாயத்தாமரையை அழிக்க ஒரு களைக்கொல்லி அடிக்கிறார்கள். அது தண்ணீரில் கலந்தால் மீன் முட்டைக்குள் வளரும் குஞ்சு என்ன ஆகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. "பெரிய மீனு சாவாது பாய். அதப் பாத்துட்டு எல்லாரும் நல்ல மருந்துங்கறாங்க. முட்டைக்குள்ள இருக்கறத யாரு கேட்டா?" என்று ஒருநாள் நடந்துகொண்டே சொன்னாள்.

ஒரு கோடையில் கல்லூரியில் கரண்டு போய், அவள் வளர்த்த மீன்கள் எல்லாம் செத்தன. அதற்குப் பிறகு என் கடையின் பின்பக்கம் ஒரு தொட்டியை அவளுக்கென்று ஒதுக்கிக் கொடுத்தேன். அதன் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பி வைத்தோம். ஜீப்ரா மீன் தன் முட்டையைத் தானே தின்றுவிடும், குண்டுகளுக்கு இடையில் விழுந்தால் முட்டை தப்பிக்கும். காலை வெளிச்சம் பட்டதும்தான் அந்த மீன்கள் முட்டையிடும். அதனால் விடிந்ததும் நான் ஷட்டரைத் தூக்கும்போதே அவள் வாசலில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருப்பாள்.

நோன்புப் பெருநாளுக்கு அவளை வீட்டுக்குக் கூப்பிட்டோம். பிரியாணித் தட்டு முன்னால் உட்கார்ந்தவள், இரண்டு வாய் சாப்பிட்டதும் தண்ணீர் டம்ளரை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குள் போய், "அக்கா, இந்த டிரம்முல தண்ணி எங்கேர்ந்து புடிக்கிறீங்க?" என்று கேட்டாள். என் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. விருந்தாளி போன பிறகு, "விருந்துக்கு வந்த இடத்துல தண்ணிய மோந்து பாக்குதுங்க. கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்துச்சா அந்தப் பொண்ணு?" என்றாள். ஆனால் மறுநாள் மீதி பிரியாணியை டப்பாவில் போட்டு, கடைக்கு எடுத்துப் போகச் சொன்னதும் என் மனைவிதான். "நின்னுக்கிட்டாவது சாப்பிடச் சொல்லுங்க."

இப்படி எல்லாவற்றையும் மோந்து பார்த்தவள் சந்தேகப்படாத பொருள் ஒன்றே ஒன்று இருந்தது. அவள் அப்பா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்.

அரியாங்குப்பம் தாண்டிப் பாகூர்ப் பக்கம் அவள் கிராமம். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா தனியாகக் கொஞ்சம் நெல்லும் கரும்பும் வைத்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் எந்திரம் ரிப்பேராகிக் கிடந்தது. குழாய்த் தண்ணீரில் குளோரின். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், திங்கள் காலை ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர்க் கேன்களை அடுக்கிக்கொண்டு வருவாள். மருந்து கலந்து முட்டை வைக்கும் தட்டுகளுக்கும் அந்தத் தண்ணீர்தான். மருந்து கலக்காமல், ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் நல்ல தண்ணீர்த் தட்டுக்கும் அதுதான். "நான் வளந்த தண்ணி பாய் இது" என்று சொல்லி எனக்கும் ஒரு கேன் கொடுப்பாள். என் தொட்டி மீன்கள் அதில் நன்றாகத்தான் நிறம் ஏறின. 'கிராமத்துக் கிணத்துத் தண்ணி' என்று வாடிக்கையாளர்களிடம் நானும் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஒருநாள், "இந்த முட்டைய எடுத்துட்டுப் போய் அப்படி என்னதான் பண்ற?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது தப்பாகப் போயிற்று. அப்போதே ஸ்கூட்டியில் உட்கார வைத்துக் கல்லூரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். எத்தனையோ வருஷமாக மீன் விற்கிறேன், நான் அதுவரை மீனைப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. கண்ணாடிக் குண்டு மாதிரி ஒரு முட்டை. அதற்குள் சுருண்டு கிடக்கும் ஒரு நூல். இரண்டு கறுப்புப் புள்ளிகள், அவை கண்கள். கழுத்துக்குக் கீழே என்னவோ துடித்துக்கொண்டிருந்தது. "அது இதயம் பாய். நேத்து காலையில இது வெறும் முட்டை" என்றாள். நான் கண்ணை எடுக்கவில்லை. வால் ஒருமுறை வெட்டி இழுத்தது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அடுத்து வேறொரு தட்டை வைத்தாள். அதில் மருந்து கலந்திருந்தது. ரொம்பக் குறைவாகத்தான், ஏரியில் அடித்த பிறகு தண்ணீரில் நிற்கும் அளவுக்குத்தான் என்றாள். அதிலும் கண் இருந்தது, வால் இருந்தது. ஆனால் முதுகு, வளைத்துவிட்ட ஊக்கு மாதிரி கோணி நின்றது. இதயத்தைச் சுற்றி நீர் கோத்து வீங்கியிருந்தது. அந்த வீக்கத்துக்குள் அது மெதுவாக, விட்டு விட்டுத் துடித்தது.

"செத்துடுச்சா?"

"இல்ல பாய். இது வெளியவும் வரும். ஆனா நேரா நீந்த முடியாது. இரை பிடிக்க முடியாது. ஒண்ணும் நடக்காத மாதிரி காணாமப் போயிடும்."

அன்றைக்குக் கடைக்குத் திரும்பியதும் வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. கார்த்திகை மழை ஓய்ந்து கொஞ்ச நாளில், ஒரு காலை முட்டை எடுக்கும் பாத்திரம் இல்லாமல் வெறும் கையோடு வந்தாள்.

"நல்ல தண்ணித் தட்டுலயும் வளைஞ்சிருக்கு பாய்."

மீன் கிழடாகியிருக்கும் என்றேன். வேறு மீன் மாற்றினோம். மறுபடி வளைந்தது. அவள் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். தட்டுகளை, தன் கையில் போடும் சோப்பை, கடைசியில் என்னை. "தொட்டியில எதாச்சும் போட்டீங்களா பாய்? நிஜமா சொல்லுங்க." கல் உப்பைத் தவிர ஒன்றும் போடவில்லை என்று சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, தொட்டிகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். எனக்குக் கோபம் வந்தது. வேறு யாராவதாக இருந்திருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன்.

அவளுடைய பேராசிரியர் நல்ல மனிதர். "பழசத் தூக்கிப் போடு, கடையில கேன் தண்ணி வாங்கி முதல்லேர்ந்து ஆரம்பி" என்று சொல்லிவிட்டார். கேன் தண்ணீரில் குஞ்சுகள் நேராகப் பொரித்தன. அத்தோடு விட்டிருக்கலாம். அவள் மறுபடி கிணற்றுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தாள். வளைந்தது. பேராசிரியருக்குச் சொல்லாமல் இன்னொரு முறையும் வைத்தாள். அதுவும் வளைந்தது.

அதைச் சொல்ல வந்த அன்று அவள் தொட்டிகளைப் பார்க்கவில்லை. கையில் கேனோடு நடுவழியில் நின்றாள்.

"அப்போ தண்ணிதாம்மா" என்றேன்.

"இல்ல பாய்" என்றாள் உடனே. கேனைக் கீழே வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம என்கூட ஊருக்கு வர்றீங்களா? தனியா போய்க் கேக்க முடியும்னு தோணல" என்றாள்.

கடையை மனைவியிடம் விட்டுவிட்டுப் போனேன். வீட்டை ஒட்டிக் கிணறு, மோட்டார், தண்ணீர் விழும் சிமெண்ட் தொட்டி. அந்தத் தொட்டியில்தான் அவள் வாராவாரம் கேன் பிடிப்பது. கொஞ்சம் தள்ளி ஒரு குட்டை. அவள் அப்பா வயலிலிருந்து வந்தார். ஒல்லியான ஆள், வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். மகளோடு வேற்று ஆள் வந்திருக்கிறேன் என்றதும் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "வாங்க பாய், ஒக்காருங்க" என்றார். குட்டையைக் காட்டினார்.

"போன வருசம் ஒரு சொட்டுத் தண்ணி தெரியாது. எல்லாம் ஆகாயத்தாமர. இப்பப் பாருங்க, கண்ணாடியாட்டம் இருக்கு."

உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. வானம் முழுக்க அதில் தெரிந்தது. கரையில் மட்டும் காய்ந்து பழுப்பேறிய செடிக் குப்பை.

"மருந்தாப்பா அடிச்ச?" என்று கேட்டாள் அவள்.

"பின்ன? மழ விட்டதுலேர்ந்து அடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். மறுபடி மறுபடி தழைக்குதே."

"ஸ்பிரேயர எங்க கழுவற?"

அவர் தாடையால் சிமெண்ட் தொட்டியைக் காட்டினார். அவள் அந்தத் தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படி அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கடையில் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன், ஆனால் அன்று அவள் உட்கார்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாய், இந்தத் தண்ணிய உங்க கடையில ஊத்துனீங்களே. மீனு செத்துச்சா?"

"இல்லீங்க. நல்லாத்தான் இருக்கு" என்றேன். வேறென்ன சொல்ல?

"கேட்டுக்கிட்டியா?"

சொம்பை எடுத்தார். தொட்டியில் முக்கினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாய்க்கு மேல் தூக்கி மடக் மடக்கென்று குடித்தார். "அப்பா!" என்று எழுந்தவள் அவர் கையைப் பிடிப்பதற்குள் சொம்பு காலியாகிவிட்டது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்துக்க. நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் சொம்பைப் பிடுங்கிக்கொண்டாள். "பெரியவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. அதனாலதான் யாரும் கண்டுக்கறதில்ல. இந்தக் குட்டையில பொடி மீனு கடைசியா எப்பப் பாத்த? சொல்லு."

அவர் குட்டையைப் பார்த்தார். "கொக்கு தின்னிருக்கும்" என்றார்.

"எல்லாத்தையுமா?"

"முட்டி தேஞ்சு போச்சும்மா எனக்கு. எறங்கிப் புடுங்க முடியுமா? கூலிக்கு ஆள் வருதா? நீ வந்து புடுங்குவியா?" கேட்டுவிட்டு அவர் வயல் பக்கம் நடந்தார். வழியில் நின்று, திரும்பாமலே, "அப்பன் தண்ணியில வெசம் கலந்தான்னு உன் புஸ்தகத்துல எழுதிக்கோ" என்றார்.

புடுங்குவியா என்று அவர் கோபத்தில் கேட்டார். அவள் அதையே செய்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் சுடிதாரை முழங்காலுக்கு மேல் முடிந்துகொண்டு குட்டையில் இறங்கினாள். புதிதாகத் தழைத்துவரும் செடிகளை வேரோடு பிடுங்கிக் கரையில் எறிவாள். சில வாரம் நானும் போனேன். காலில் அட்டை ஏறும், சேறு இழுக்கும். அப்பா கரையில் வலது காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் ஒருநாள் நாங்கள் போனபோது, முந்தின வாரம் பிடுங்கிப்போட்ட செடியையெல்லாம் வாரி எருக்குழியில் போட்டிருந்தார். ஸ்பிரேயர் மாட்டுக்கொட்டகை உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கியது.

யாராக இருந்தாலும் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டிருப்பார்கள். அவள் நேராகச் சிமெண்ட் தொட்டிக்குப் போனாள். குனிந்து, அவர் கண்ணெதிரிலேயே, தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்தாள். அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வரும்போது பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சொன்னேன். "அவர்தான் விட்டுட்டாரேம்மா. கொஞ்சம் நம்பக் கூடாதா?"

"நம்பறேன் பாய். பாத்துட்டு நம்பறேன்."

"அவருக்கு வலிக்காதா?"

கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய், திரும்பி வந்து, மறுபடி போனாள். "வலிக்கும். எனக்குத் தெரியாதா? ஆனா பாக்காம எப்படி பாய் இருக்கறது? எனக்கு அது வராது."

கிணற்றுத் தண்ணீரில் வளைந்த குஞ்சுகள் வாரா வாரம் குறைந்தன. முழுசாக நின்றுவிட்டதென்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. ஆராய்ச்சியைக் கேன் தண்ணீரில் மறுபடி செய்து முடித்தாள். கிணற்றுக் கதையை விட்டுவிடலாமே, தேவையில்லாத குழப்பம் என்றாராம் பேராசிரியர். அவள் விடவில்லை. எந்த ஊர், யார் கிணறு என்று போடாமல் அதையும் எழுதினாள். எழுதிய பக்கத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினாளா என்று கேட்டேன். "படிச்சேன். முழுசாக் கேட்டாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு எழுந்து போயிட்டாரு" என்றாள்.

பிறகு வெளிமாநிலத்தில் வேலை கிடைத்தது. சொல்லிக்கொள்ள வந்தவள் வழக்கம்போல எல்லாத் தொட்டிகளையும் பார்த்தாள். என் மனைவி கொடுத்தனுப்பிய ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் போட்டு, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று வெளியே எடுத்துப் பார்த்து, மறுபடி உள்ளே வைத்தாள். "அப்பா தனியா இருக்காரு பாய்" என்றாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். தெருமுனையிலிருந்து திரும்பி வருவாள் என்று வாசலில் நின்றேன். வரவில்லை. அதற்குப் பிறகு நான் அவளை நேரில் பார்க்கவில்லை. எப்போதாவது போனில் பேசுவாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்த மழை முடிந்த சமயம், ஒரு முற்பகலில், கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்ததால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. நடையைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவள் அப்பா.

"குட்டையில விட மீனு வேணும் பாய்."

இதெல்லாம் கண்ணாடித் தொட்டிக்கு வளர்க்கும் மீன், மீன் பண்ணைக்குப் போனால் கெண்டைக் குஞ்சு தருவார்கள் என்று சொன்னேன்.

"போனேன். குஞ்சாத்தான் தர்றாங்க. யாரோ அவங்க தண்ணியில பொரிச்ச குஞ்சு எனக்கு எதுக்கு? முட்ட போடற பருவத்துல இருக்கற மீனாப் பாத்துக் குடுங்க. என் தண்ணியில பொரிக்கணும்."

நான் அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். ஜீப்ரா மீனில் நல்ல வயிறு வைத்த பெட்டைகளையும், ஒல்லியான ஆண்களையும் பிடித்தேன். முதலில் குட்டையில் விட வேண்டாம், கொக்கு விடாது. ஒரு அகன்ற டப்பில் குட்டைத் தண்ணீரை ஊற்றி, அடியில் கூழாங்கல் பரப்பி, வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள் என்றேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனதில் வாங்கிக்கொண்டார். முட்டை கண்ணுக்குத் தெரியுமா என்றார். உற்றுப் பார்த்தால் தெரியும் என்றேன். குஞ்சு கோணலாக இருந்தால் தெரியுமா என்றார். நேராக இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் சுற்றும், இல்லை அடியிலேயே கிடக்கும் என்றேன்.

பாலித்தீன் பையில் காற்று நிரப்பிக் கட்டிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"பொரிச்சதும் எனக்கு ஒரு போன் போடுங்க. உங்க பொண்ணுக்கு நானே சொல்லிடறேன். சந்தோசப்படும்."

அவர் தலையை ஆட்டினார். "வேணாம் பாய். நேராப் பொரிச்சா நான் சொல்லிக்கறேன்."

வாசல்வரை போய்ச் செருப்பில் காலை நுழைத்தவர், பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"வளைஞ்சு பொரிச்சாலும் நான்தான் சொல்லணும்" என்றார்.